கடத்தூருக்கு ஒரு பெரிய தூண்

எண்களைப் படமாகப் போட்டுக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிடும் என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அந்த ஒரு நொடியைத் தேடிக்கொண்டு நான் தர்மபுரித் தாலுகா முழுக்க மாட்டு வண்டியில் அலைந்தேன். நீங்களும் யாருக்காவது ஒரு கணக்கைக் கோடு போட்டு, கட்டம் போட்டு, கலர் அடித்து விளக்கப் போய், கடைசியில் உங்களுக்கே அது விளங்காமல் திரும்பி வந்தவராக இருந்தால், இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் இருவரும் பேசிக்கொள்ள நிறைய இருக்கிறது.

யுத்த காலம். வெள்ளாமையைப் பெருக்குங்கள் என்று சர்க்கார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தது. வாயால் சொன்னால் போதாது, படத்திலும் காட்ட வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றியதால் எங்கள் பிரசார ஆபீஸ் பிறந்தது. அதில் பேசுவதற்கு ஓர் ஆபீசர், படம் போடுவதற்கு நான், வண்டி ஓட்டுவதற்கு முனியப்பன். மாடுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் ஆபீசில் ஒழுங்காக வேலை பார்த்தவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருக்கும்.

தற்காலிகம்

கடத்தூரில் கடலைக்காய் மண்டி வைத்திருந்த நஞ்சப்பன் தன் மகள் மாதம்மாளை எனக்குக் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம் என்று ஊரெல்லாம் சொல்லி, பந்தல் போட்டு, மேளம் வைத்து, குறைவில்லாமல் நடத்தினார். மறுவீட்டு விருந்து முடிந்து நானும் அவளும் வண்டி ஏறப் போகிற நேரத்தில், என் பங்காளி ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "வேலை இன்னும் தற்காலிகந்தானே?" என்று கேட்டுவிட்டார். அவருக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான். எனக்குப் போனது பெண்டாட்டி.

உண்மை என்னவென்றால், வருஷக் கடைசியில் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவார், கடத்தூர்ச் சந்தையில் எங்கள் பொருட்காட்சியைப் பார்ப்பார், படங்கள் ஜனங்களுக்கு விளங்குகின்றனவா என்று அவர்களையே கேட்பார். விளங்கினால் வேலை நிரந்தரம். விளங்காவிட்டால் ஆபீசை மூடிவிடுவார்கள். இதை நான் மாமனாரிடம் விளக்கமாகச் சொன்னேன். விளக்குவதுதானே என் தொழில். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டியில் ஏற்றியிருந்த மகளின் தகரப் பெட்டியைத் தானே இறக்கி வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மாப்பிள்ளை. உங்க வேலை கெட்டியாகட்டும், எம்பொண்ணை நானே கொண்டாந்து உங்க வூட்டுல வுட்டுட்டுப் போறேன். அதுவரைக்கும் அவளுக்கு ஆன கல்யாணமும் தற்காலிகந்தானுங்க."

அரை மாடு

நான் போட்ட முதல் படம் கால்நடைக் கணக்கு. ஒரு மாட்டுப் படம் வரைந்தால் ஆயிரம் மாடு என்று அர்த்தம். ஆபீசர் சொல்லிக்கொடுத்த முறை இது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது; கடைசியில் கணக்கில் ஓர் அரை மிஞ்சியது. நான் ஒன்றும் யோசிக்காமல் தலை, கொம்பு, முன்னங்கால் இரண்டு, அத்தோடு நிறுத்திக்கொண்டேன். இண்டூர்ச் சந்தையில் வண்டியின் பக்கவாட்டில் படத்தைத் தொங்கவிட்டதும் கூட்டம் கூடியது. எனக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை என்பதைக் கவனித்தேன். ஒருவர் மெதுவாக, "மாட்டை வெட்டுனது ஆருங்க?" என்று கேட்டார். முனியப்பன் படத்தைக் கழற்றவில்லை. என்னைக் கழற்றி வண்டியில் போட்டு, படம் காற்றில் படபடக்க ஊர் எல்லை தாண்டித்தான் மாட்டை நிறுத்தினான்.

அடுத்த வாரம் அந்த அரை மாட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் அழகாக ஒரு கன்றுக்குட்டி வரைந்தேன். கன்று என்றால் அரை மாடு, யாருக்கும் மனம் நோகாது. ஆபீசரே என் முதுகில் தட்டிக்கொடுத்தார். மறுபடி இண்டூர். அதே ஆள் அதே இடத்தில் வந்து நின்றார். கன்றுக்குட்டியை வெகுநேரம், காலிலிருந்து வால் வரை, தரகர்கள் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது சரிங்க. கெடேரியா, காளைக் கன்னா? அதைப் போடாம வுட்டா நாங்க எதை நம்பி வெலை பேசறது?"

வட்டத்தின் நடுவில் ஒரு கிணறு

தாலுகாவில் எந்தப் பயிர் எவ்வளவு நிலத்தில் விளைகிறது என்று காட்ட ஒரு பெரிய வட்டம் போட்டேன். ராகிக்குப் பச்சை, கடலைக்காய்க்கு மஞ்சள், எள்ளுக்குச் சிவப்பு என்று துண்டு துண்டாகப் பிரித்துக் கலர் அடித்தேன். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் அதை மாட்டினோம். ஆபீசர் வழக்கம்போல் குச்சியால் வட்டத்தைச் சுற்றி, "இந்த வட்டம் முழுக்க உங்கள் நிலம்!" என்று கணீரென்று ஆரம்பித்தார். அவர் நினைத்தது தாலுகா ஜனங்கள் எல்லோரையும். முன் வரிசையில் இருந்த அண்ணன் தம்பி இருவர் மட்டும் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் பாகப் பிரிவினை வழக்கு வெகுநாளாக இழுத்துக்கொண்டிருந்தது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

தம்பி எழுந்து, "எனக்கு ஏனுங்க அந்தச் செவப்புத் துண்டு? அண்ணனுக்கு மட்டும் பச்சையில அம்மாம் பெருசா?" என்றான். ஆபீசர், "சிவப்பு என்றால் எள்" என்றார். "அவனுக்கு ராகி, எனக்கு எள்ளா?" என்று தம்பி துண்டை உதறித் தோளில் போட்டான். அண்ணன் சண்டைக்கு வரவில்லை. அவர் படத்துக்கு நெருக்கமாக வந்து, வட்டத்தின் நடுவே நான் காம்பஸ் முள் குத்திய ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லாத் துண்டும் அந்த ஓட்டையில்தான் வந்து முட்டுகின்றன. அவர் முகம் தெளிந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். கோர்ட்டால் முடியாததை என் காம்பஸ் முடித்துவிட்டது என்று நான் நிமிர்ந்து நின்றபோது அண்ணன் ஆபீசரைப் பார்த்துச் சொன்னார்:

"பொதுக் கெணத்தை நடுவால வெச்சது ரொம்ப நாயமுங்க. ஆனா இம்மாஞ் சின்னதா வெட்டுனா ஏத்தம் எங்க கட்டறது?"

செங்குத்து

கோடு மேலே ஏறிக் கீழே இறங்கும் படம் ஒன்று உண்டு. மாதா மாதம் பெய்த மழையைப் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தால் அந்தப் படம் வந்துவிடும். வெயில் மாதங்களில் தரையோடு கிடந்து, பிறகு மெல்ல மெல்ல உயர்ந்து, ஐப்பசியில் உச்சிக்குப் போய், அப்புறம் சடாரென்று விழும். என் கையால் போட்டதிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான். வத்தல்மலை அடிவாரத்தில் அதை மாட்டியிருந்தோம். மேலேயிருந்து புளியும் தேனும் கொண்டுவந்த ஒருவர் கூடையை இறக்கிவிட்டு, கண்ணைச் சுருக்கிப் படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த மலைங்க இது?" என்றார். மலை இல்லை, மழை என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. கோடு ஏறுகிற பக்கத்தை விரலால் தடவி, "இந்தப் பக்கம் ஏறிப் போயிரலாம்" என்றார். நான் மறுபடி விளக்கினேன். புள்ளி என்றால் என்ன, மாதம் எது, கோடு ஏன் ஏறுகிறது என்றெல்லாம் தொண்டை வறளச் சொன்னேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. சுரைக் குடுக்கையிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்படும்போது, ஐப்பசிக்கு அப்பால் கோடு விழுகிற இடத்தைக் காட்டி, என் நன்மைக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"இந்தப் பக்கமா மட்டும் சாமை வெதைச்சுராதீங்க. ஒரு மழை வந்தாப் போதும், மண்ணு பூரா கீழ போயிரும்."

வால் கணக்கு

தானியத்தைத் தின்கிற எலிகளைப் பிடிக்கச் சொல்லி ஊர்களுக்கு உத்தரவு போனது. பிடித்ததற்கு அத்தாட்சி வேண்டுமே. வாலை அறுத்து அனுப்பினால் போதும் என்று ஒரு புத்திசாலி எழுதிவிட்டார். எந்த ஆபீசுக்கு என்று எழுத மறந்துவிட்டார். வாரா வாரம் தலையாரிகள் வால்களைக் கத்தையாகக் கட்டி, ஓலை நறுக்கில் ஊர்ப்பேர் எழுதிச் செருகி, எங்கள் ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆபீசர் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டார். எண்ணிக் குறித்துக்கொண்டு உடனே புதைத்துவிட வேண்டியது, ஆனால் இதை மட்டும் ஒருபோதும் படமாகப் போடக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

ஒரு நாள் பெரிய கத்தை ஒன்று நேராக அவர் மேஜை மேலேயே வந்து உட்கார்ந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாரியைத் திட்டு திட்டென்று திட்டினார். தலையாரிக்குத் தன்மேல் என்ன தப்பு என்று விளங்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பணிவாகப் பதில் சொன்னார்.

"எலியவே முழுசா கொண்டாந்திருப்போமுங்க. நீங்கதானே வாலு போதும்னீங்க?"

காய்ச்சலில் முதல் மரியாதை

இப்போது தூண்களுக்கு வருகிறேன். ஊருக்கு ஒரு பட்டை. கணக்கு அதிகமானால் உயரமான பட்டை, குறைந்தால் குட்டை. ஜனங்கள் அதைத் தூண் என்றார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். இதைவிடச் சுலபமான படம் உலகத்தில் கிடையாது என்று ஆபீசர் சத்தியம் செய்தார். எந்தெந்த ஊரில் எவ்வளவு பேருக்குக் குளிர்காய்ச்சல் என்று தூண் போட்டோம். ஏரியூருக்கு நெட்டைத் தூண், இண்டூருக்குக் குட்டை. இண்டூர்க்காரர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று எண்ணினேன். மறுநாள் காலை இண்டூர் மணியக்காரர் நாலு பேரோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். மாரியம்மன் பண்டிகையில் முதல் மாவிளக்கு யார் எடுப்பது என்பதற்கே ஊரை ரெண்டாக்குகிறவர்கள் அவர்கள். தங்கள் ஊர்த் தூண் அடுத்த ஊர்த் தூணின் முழங்கால் உயரத்துக்கு நிற்பதைச் சும்மா விடுவார்களா? "உயரம் என்றால் காய்ச்சல், காய்ச்சல் கெட்டது" என்றேன். "கெட்டதாவே இருக்கட்டுமுங்க. எங்க ஊருல மட்டும் ஆளுங்க படுக்கலியா?" என்றார் மணியக்காரர்.

ஆபீசர் வம்பு வேண்டாமென்று எல்லாத் தூண்களையும் ஒரே உயரமாக்கச் சொல்லிவிட்டார். எண்ணிக்கையைத் தூணுக்குள் சின்னதாக எழுதினால் போதுமாம். அப்படியே செய்தேன். அந்தப் படம் எதையுமே சொல்லவில்லை; ஆனால் ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. அதற்கடுத்த வாரம் ஏரியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்னும் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"ராப்பகலா நடுங்குனது நாங்க. கசப்பு மருந்தைக் குடிச்சது நாங்க. இண்டூருக்காரனுக்கும் எங்களுக்கும் ஒரே ஒசரம்னா, அப்புறம் நாங்க எதுக்குங்க காச்சல்ல படுத்தோம்?"

ஆடு பார்த்த படம்

பெயின்ட் கிடைக்காத நாட்கள். கலர்க் காகிதத்தைப் பட்டையாக வெட்டித் துணியில் ஒட்டினேன். மைதாவும் கிடைக்காததால் பசைக்கு ராகிக் கூழ். பென்னாகரம் சந்தையில் மரத்தடியில் படத்தைக் கட்டிவிட்டு நானும் முனியப்பனும் டீ குடிக்கப் போனோம். எங்கள் ஆபீசர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவர். படத்தைப் பார்த்துப் பேசுகிறவர் அல்ல. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு வந்து பின்னங்காலில் நின்று, கடலைக்காய்த் தூணை உச்சியிலிருந்து தின்ன ஆரம்பித்தது. கூட்டம் கண் இமைக்காமல் படத்தையே பார்த்தது. இவ்வளவு கவனமாக ஜனங்கள் தம் பேச்சைக் கேட்டதே இல்லையென்று அவருக்கு உற்சாகம் பொங்கி, குரல் உயர்ந்துகொண்டே போனது.

கடைசியில் குச்சியோடு திரும்பினார். கடலைக்காய் அடியோடு சரிந்து கிடந்தது. அசருகிற மனிதரா அவர்? "பாருங்கள் இந்த வீழ்ச்சியை!" என்று ஆரம்பித்து, விதை சரியில்லை, களை எடுப்பதில்லை, ஆண்கள் சந்தையில் சுற்றுகிறார்கள் என்று அரை மணி நேரம் ஊரையே வாங்கு வாங்கென்று வாங்கினார். நாங்கள் திரும்பி வந்தபோது ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஆட்டுக்காரப் பெண் ஒருத்திக்குத்தான் பொறுக்கவில்லை.

"உங்க கடலக்காயை எங்க ஆடு தின்னுபோட்டுச்சுங்க. அதுக்கு ஏனுங்க ஊரு சனத்தை வையறீங்க?"

பார்டர்

ஒரே படத்தில் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று ஆபீசருக்கு ஓர் ஆசை பிறந்தது. மழை, விளைச்சல், விலை, காய்ச்சல், கால்நடை, எல்லாம் ஆளுக்கொரு கலர்க் கோடாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிப் பின்னிக்கொண்டு போக வேண்டும். ராத்திரி பகலாக உட்கார்ந்து போட்டேன். போட்டு முடித்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் தர்மபுரிச் சந்தையில் அதை மாட்டியதுதான் தாமதம், அதுவரை எங்கள் பக்கமே திரும்பாத பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கூட்டிவந்து காட்டினாள். ஆபீசர் கண் கலங்கிவிட்டார். பிறகு ஓர் அம்மாள் முன்னால் வந்து, இதே பார்டர் போட்ட சேலை அரக்குக் கலரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள்.

முனியப்பன் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க அடிக்கடி கடத்தூர் போவான். போனால் என் மாமனார் மண்டியில்தான் வாங்குவான். மாதம்மாளிடமிருந்து எனக்கு ஏதாவது சேதி வந்தால் அது புண்ணாக்கு மூட்டையோடுதான் வரும். இந்தச் சந்தை விஷயத்தையும் அவன் அங்கே அவிழ்த்துவிட்டிருக்கிறான். அவள் சொல்லி அனுப்பியதை ஓர் எழுத்து விடாமல், அவள் குரலிலேயே எனக்குச் சொன்னான்.

"ஊருல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் சேலைக்குப் பார்டர் போட்டுக் குடுக்கறாராமே உங்க சாரு? கட்டுன பொண்டாட்டி ஒருத்தி கடத்தூருல கெடக்கறது நெனப்புல இருக்குதான்னு கேட்டுட்டு வாங்க."

மாமனாரின் வேண்டுகோள்

வருஷக் கடைசி வந்தது. பெரிய அதிகாரி வருகிற நாளும் குறித்தாகிவிட்டது. ஊருக்கு ஊர் கடலைக்காய் விளைச்சலைக் காட்டும் தூண் படம்தான் நடுநாயகம் என்று மேலேயிருந்தே எழுதிவிட்டார்கள். கணக்கைப் பார்த்தேன். எல்லா ஊரிலும் குட்டை கடத்தூர்தான். அங்கே ராகியும் எள்ளும்தான் அதிகம். கடலைக்காய் மண்டிக்கு வருவதெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்ச் சரக்கு. இந்த விஷயம் முனியப்பன் வாய் வழியாகப் புண்ணாக்குக்கு முன்பே கடத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமனார் என்னை விருந்துக்கு அழைத்தார். கோழி அடித்திருந்தார்கள். இலையில் கறியை அள்ளி அள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, "நம்மூருத் தூணை மட்டும் துளி ஒசத்திப் போட்டுருங்க மாப்பிள்ளை. சந்தை சனம் பூரா பாக்கும். கடத்தூருக் கடலக்கா மண்டிக்காரன் மருமவன் போட்ட படத்துல கடத்தூரு கடைசின்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எம்பொண்ணை உங்களோட அனுப்பறது?" என்றார்.

உயர்த்திப் போட்டால், அசல் கணக்கைக் கையில் வைத்திருக்கும் பெரிய அதிகாரி என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார். போடாவிட்டால் மாமனார் மகளை அனுப்பமாட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். கொல்லையில் கை கழுவப் போனேன். மாதம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கல்யாணம் ஆகி அவளோடு தனியாக நின்றதெல்லாம் இப்படிச் செம்புத் தண்ணீர் தீருகிற நேரம்தான். அவசர அவசரமாக நடந்ததைச் சொன்னேன். "எங்கப்பனுக்குத் தூணு ஒசரமா இருந்தாப் போதும், என்னாத் தூணுன்னு கேக்கமாட்டாரு. எங்கூருல எது சாஸ்தியோ அதுக்கு ஒண்ணு போடுங்களேன்" என்றாள். உங்கள் ஊரில் எதுதான் ஜாஸ்தி என்று கேட்டேன். செம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவள் மண்டிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே திரும்பினாள்.

"எலிதானுங்க!"

எலித்தூண்

தலையாரிகள் கொண்டுவந்ததில் எப்போதும் தடித்த கத்தை கடத்தூருடையதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபீசரின் கட்டளையை மீறி, அதே ராகிக் கூழால் காகிதம் ஒட்டி, வால் கணக்குக்கு ஒரு படம் போட்டேன். கடத்தூர்த் தூண் படத் துணியை மீறிப் போனதால் மேலே இன்னொரு துண்டு வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. கடலைக்காய்ப் படத்தையும் கணக்கில் உள்ளபடியே போட்டேன். அன்று சந்தையில் எங்களுக்கு மூங்கில் பற்றவில்லை. அதனால் இரண்டு படங்களையும் ஒரே கழியில் பக்கத்தில் பக்கத்தில் கட்டினோம். ஆபீசர் எலியைப் பார்த்ததும் வெளுத்துப் போனார். அதற்குள் பெரிய அதிகாரியின் கார் வந்துவிட்டது. சிரிக்கவே தெரியாத முகம் அவருக்கு. மாமனாரோ சொந்த பந்தம் அத்தனையையும் கூட்டிக்கொண்டு, புது வேட்டி சலசலக்க முன்னால் வந்து நின்றார். கடலைக்காய்ப் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கியது. அடுத்த படத்துக்குப் பார்வை போனது. கழுத்து மெல்ல மெல்ல உயர்ந்து, தைத்த துண்டு வரைக்கும் போய் நின்றது. பெரிய அதிகாரி அவரையே பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. இந்தப் படத்துல இருந்து உங்களுக்கு என்ன விளங்குது?" மாமனார் மார்பை நிமிர்த்தினார். "கடத்தூருதானுங்க மொதல்ல!" "எதுல?" மாமனார் என்னைப் பார்த்தார். நான் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தேன். "எலியிலீங்க!" என்றார் அவர், அதே கம்பீரத்தோடு.

பெரிய அதிகாரி ஒரு படத்தைப் பார்த்தார். மறு படத்தைப் பார்த்தார். கடத்தூரில் எலி உயரம், கடலைக்காய் குட்டை. சட்டென்று தொடையில் தட்டினார். "எலி அதிகம், அதனால்தான் விளைச்சல் குறைவு! பள்ளிக்கூடம் போகாத ஒருத்தர் ரெண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்து ஒரே நொடியில சொல்லிட்டார் பாருங்க. ரெண்டையும் பக்கத்துல மாட்டணும்னு யாருக்குத் தோணிச்சு?" ஆபீசர் ஓரடி முன்னால் வந்து, "எனக்குத்தான் சார்" என்றார். கடத்தூரில் கடலைக்காய் குறைவு அங்கே அதிகம் விதைக்காததால். எலி அதிகம் பத்து ஊர்க் கடலைக்காய் அங்கே வந்து குவிவதால். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். முனியப்பன் தன் டயர்ச் செருப்போடு என் கால் மேல் ஏறி நின்றான். அவன் இறங்குவதற்குள் தாலுகா முழுக்க எலிப் படம் போட வேண்டும் என்று உத்தரவாகி, அதற்காக என் வேலை நிரந்தரமும் ஆகிவிட்டது. பெரிய அதிகாரி கார் ஏறிப் போனதும் மாமனார் சொந்தக்காரர்கள் நடுவில் நின்று, கடத்தூர்த் தூணை இன்னொரு தடவை அடியிலிருந்து நுனி வரை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "எலியோ புலியோ, மொதல்ல வந்தது நம்ம கடத்தூருதானுங்க. வேலையும் கெட்டியாயிருச்சு. பொட்டியக் கட்டச் சொல்லிட்டேன், கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க மாப்பிள்ளை" என்றார். அவர் குரல் லேசாக உடைந்தது. எனக்கும் என்னவோபோல் ஆகி, அவர் காலில் விழுந்து கும்பிட்டேன்.

வெயில் தாழ வண்டி கிளம்பியது. தகரப் பெட்டி, சுருட்டாத படங்கள், அவற்றுக்கு நடுவில் புதுச் சேலையில் மாதம்மாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதன்முதலாக என்ன பேசப் போகிறாள் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மொதல்ல அந்த எலித்தூணைச் சுருட்டி உள்ள வையுங்க. ஆடு வருது."

வீட்டைத் தாங்குவது கல் தூணா மரத் தூணா என்று யாராவது என்னைக் கேட்டால், எங்கள் வீட்டில் மட்டும் அது ராகிக் கூழில் ஒட்டிய காகிதத் தூண் என்றுதான் இன்றைக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.